அலர்ட் மின்னஞ்சலில் குவெரி: எங்கே எழுதுவது, எவ்வளவு எழுதுவது

கிளை அலுவலக ரவுட்டர் ஒன்று விழுந்துவிட்டது என்று மின்னஞ்சல் வருகிறது. பார்ப்பவருக்கு உடனே எழும் கேள்விகள் நான்கைந்துதான். இது எந்த நிறுவனம் கொடுத்த லைன், அந்த லைனின் அடையாளமான சர்க்யூட் எண் என்ன, புகார் சொல்ல யாரை அழைப்பது, மாற்று லைன் ஓடுகிறதா, இந்த வாரம் இது எத்தனையாவது முறை? மென்பொருள் தானாக அனுப்பும் அலர்ட்டில் இவற்றில் ஒன்றுக்கும் விடை இருக்காது. ரவுட்டரின் பெயர், ஐ.பி. முகவரி, நேரம், 'டவுன்' என்ற சொல், அவ்வளவே.

கண்காணிப்பு மென்பொருளின் தரவுத்தளத்திலேயே இந்த விடைகளில் பாதி உறங்கிக் கொண்டிருப்பதால், அலர்ட் கிளம்பும்போதே ஒரு குவெரியை, அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியை, ஓட்டி விடையை மின்னஞ்சலில் சேர்த்துவிடலாமே என்ற ஆசை எவருக்கும் வரும். சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் ஓரியன் என்ற கண்காணிப்பு மென்பொருள் அந்த ஆசைக்கு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. மின்னஞ்சலின் உடலுக்குள்ளேயே குவெரி எழுதலாம். அதனால் அதை மையமாக வைத்தே இங்கே ஒப்பிடுகிறேன். ஜாபிக்ஸ், நாகியோஸ் போன்ற பிற கண்காணிப்பு மென்பொருள்கள் பின்னால் வரும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாறாத தகவலுக்குக் குவெரி வேண்டாம். மாறும் தகவலில் ஒன்றிரண்டுக்கு மட்டும் மின்னஞ்சலுக்குள் குவெரி எழுதலாம். பட்டியலாக வரவேண்டிய எதுவும் முதல் மின்னஞ்சலில் இருக்கக் கூடாது.

குவெரியே தேவைப்படாத இடம்

சர்க்யூட் எண், லைன் கொடுத்த நிறுவனம், அவர்களுடைய புகார் தொலைபேசி எண், ரவுட்டர் எந்த மாடியில் எந்த அறையில் இருக்கிறது என்பவை மாதக்கணக்கில் மாறாதவை. இவற்றுக்காகத் தனி அட்டவணை ஒன்றை உருவாக்கி, அலர்ட் வரும்போது ஜாயின் போட்டு (இரு அட்டவணைகளை இணைத்து) எடுப்பவர்கள் இருக்கிறார்கள். வீண் வேலை. ஓரியனில் ஒவ்வொரு நோடுக்கும் (கண்காணிக்கப்படும் கருவி) இன்டர்ஃபேஸுக்கும் (கருவியின் இணைப்பு முனை) 'கஸ்டம் ப்ராப்பர்ட்டி' என்ற பெயரில் நமக்கு வேண்டிய புலங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். எக்ஸெல் கோப்பிலிருந்து மொத்தமாகவும் ஏற்றலாம். பிறகு அவற்றை மின்னஞ்சலில் ஒரு மாறியாகச் செருகினால் போதும். தொடரியல் பிழை வராது, பதிப்பு மாறினாலும் உடையாது, தரவுத்தளத்துக்குக் கூடுதல் சுமையும் இல்லை.

குறை ஒன்றுண்டு. யாராவது அதைப் பராமரிக்க வேண்டும். கிளை ஒன்று லைன் நிறுவனத்தை மாற்றிக்கொண்டபின் பழைய பெயரே புலத்தில் நின்றுவிட்டால், இரவுப்பணியில் இருப்பவர் சம்பந்தமே இல்லாத நிறுவனத்தை எழுப்பிக் கொண்டிருப்பார். ஆனால் தனி அட்டவணை வைத்தாலும் இதே கதிதான். நிறுவனத்தில் ஏற்கெனவே சொத்துப் பதிவேடு ஒன்று இருந்தால், அதிலிருந்து இரவில் ஒருமுறை கஸ்டம் ப்ராப்பர்ட்டிகளுக்கு நகலெடுக்கும் சிறு நிரலை எழுதிவிடலாம். குவெரி ஓடட்டும், ஆனால் அமைதியான நேரத்தில் ஓடட்டும்.

மின்னஞ்சலுக்குள் எஸ்.கியூ.எல்.

இங்கேதான் விஷயம் சூடுபிடிக்கிறது. டாலர் குறி, நெளிவடைப்பு, அதற்குள் எஸ்.கியூ.எல். (தரவுத்தளக் குவெரி மொழி) என்ற மூன்றெழுத்து, ஒரு முக்காற்புள்ளி, அதன்பின் வழக்கமான செலெக்ட் வாக்கியம். இதைத்தான் மேக்ரோ என்கிறார்கள். வரிசைகளை வடிகட்டும் 'வேர்' (where) நிபந்தனையில் நோட் ஐ.டி. மாறியைக் கொடுத்துவிட்டால், அலர்ட் கிளம்பும்போது விழுந்த நோடின் எண் அங்கே வந்து அமர்ந்து, குவெரி ஓடி, விடை மின்னஞ்சலில் அச்சாகும்.

உதாரணத்துக்கு, இந்த நோட் கடந்த 7 நாளில் எத்தனை முறை விழுந்தது என்று தெரிய வேண்டும். ஈவெண்ட்ஸ் அட்டவணையில் நிகழ்வு வகை 1 என்றால் நோட் விழுந்தது, 5 என்றால் எழுந்தது. நோட் எண்ணும் வகை 1-ம் பொருந்தும் வரிசைகளை, நேரம் கடந்த 7 நாளுக்குள் என்ற வரம்புடன் எண்ணினால் ஒரே ஓர் எண் கிடைக்கும். 'இந்த வாரம் 6-வது முறை' என்ற வரி அலர்ட்டில் இருந்தால், புகார் சொல்லும்போது குரலே மாறும். இப்படிப்பட்ட ஒற்றை எண்ணுக்கு இந்த மேக்ரோவைப் போல வசதியானது வேறில்லை.

சிக்கல், ஒற்றை எண்ணோடு யாரும் நிற்பதில்லை என்பதுதான். 'விழுந்த நோடின் இன்டர்ஃபேஸ்கள் எல்லாம் பட்டியலாக வேண்டும்' என்று மேலாளர் கேட்பார். மேக்ரோ தருவதோ முதல் வரிசையின் முதல் நெடுவரிசை மட்டும். பத்து இன்டர்ஃபேஸ் இருந்தாலும் ஒன்றின் பெயர்தான் வரும். அதைச் சுற்றிப்போக, பல வரிசைகளை ஒரே சரமாக ஒட்டும் உத்தியைப் பிடிப்பார்கள். மைக்ரோசாஃப்ட் எஸ்.கியூ.எல். சர்வர் 2017-லிருந்து அதற்கென்றே ஸ்ட்ரிங் அக் என்ற செயற்கூறு இருக்கிறது. அதற்கு முந்தைய சர்வரில் 'ஃபார் எக்ஸ்.எம்.எல். பாத்' என்ற பழைய குறுக்குவழி.

அந்தக் குறுக்குவழியை எடுத்தவர்களுக்குக் காத்திருக்கும் வேடிக்கை இது. வரி முறிக்கும் ஹெச்.டி.எம்.எல். குறியைப் பெயர்களுக்கு இடையே சேர்ப்பார்கள். எக்ஸ்.எம்.எல். அதைக் குறியாக விடாமல் வெறும் எழுத்தாக மாற்றிவிடும். மின்னஞ்சலைத் திறந்தால் வரி முறிந்திருக்காது, குறியே ஒவ்வொரு பெயருக்கு இடையிலும் அச்சாகி நிற்கும். சரி, ஹெச்.டி.எம்.எல். வேண்டாம் என்று விசைப்பலகையின் என்டர் எழுத்தைச் சேர்த்தால், அதுவும் ஒரு விசித்திரமான எண் குறியாக மாறி வரியின் முடிவில் ஒட்டிக்கொள்ளும். இதற்கும் மாற்று உண்டு, எக்ஸ்.எம்.எல். விடையை மீண்டும் சாதாரண எழுத்தாக மாற்றி எடுக்க வேண்டும். அதற்குள் மூன்று வரிக் குவெரி பதினைந்து வரியாகியிருக்கும். அதை மின்னஞ்சல் பெட்டிக்குள் நிறமோ இடைவெளியோ இல்லாமல் படிக்க வேண்டிய அடுத்த ஆள் யார் என்று யோசித்துப் பாருங்கள்.

எதுவும் நிரப்பாத புலத்தைக் குறிக்கும் 'நல்'-லும் (null) தன் பங்குக்கு விளையாடும். இன்டர்ஃபேஸ் பெயர், அதன் விளக்கம், நிலை என மூன்றையும் கூட்டல் குறியால் ஒட்டும்போது, விளக்கம் நல் என்றிருந்தால் மொத்தச் சரமும் நல் ஆகிவிடும். நிரப்பாமல் விட்ட ஒரே ஒரு புலத்தால் அந்த இன்டர்ஃபேஸே பட்டியலில் இல்லாமல் போகும். ஒட்டும் ஒவ்வொரு புலத்தையும் 'இஸ் நல்' கொண்டு காப்பாற்றியாக வேண்டும். அதுபோல, வேர் நிபந்தனையில் நோடின் பெயரைக் கொடுக்காமல் எண்ணையே கொடுங்கள். பெயரில் ஒற்றை மேற்கோள் குறி ஒன்று இருந்தால் குவெரி அங்கேயே முறிந்துவிடும், விடை வரவேண்டிய இடத்தில் பிழைச் செய்தி அச்சாகும்.

இவையெல்லாம் எரிச்சல்கள்தான், பழகினால் சமாளிக்கலாம். சுமை விஷயம் அப்படியில்லை. அலர்ட் எத்தனை நோடுக்குக் கிளம்புகிறதோ, அத்தனை முறை ஒவ்வொரு குவெரியும் ஓடும். தலைமை அலுவலகத்தின் மைய ஸ்விட்ச் விழுந்து 200 கிளைகள் ஒரே நேரத்தில் மறைகின்றன என்று வையுங்கள். மின்னஞ்சலில் 4 குவெரி இருந்தால் 800 குவெரிகள் அடுத்தடுத்து தரவுத்தளத்தின் மேல் விழும். அதே நேரத்தில்தான் ஆயிரக்கணக்கான நிலை மாற்றங்களை எழுதிக்கொண்டும் அது இருக்கும். இன்டர்ஃபேஸ் டிராஃபிக் போன்ற பெரிய அட்டவணையில் தேதி வரம்பு இல்லாமல் தேடும் குவெரி ஒன்று அதில் இருந்துவிட்டால் அலர்ட்டுகளே பின்தங்கும். மேல்நிலை, கீழ்நிலைச் சார்புகளை ஓரியனில் ஒழுங்காக வரையறுத்திருந்தால், மேலே இருப்பது விழும்போது கீழே இருப்பவை 'டவுன்' ஆகாமல் 'அன்ரீச்சபிள்' ஆகி, டவுன் அலர்ட் வெள்ளம் தடுக்கப்படும். குவெரி எழுத உட்காரும் முன் அந்த வேலையை முடித்திருக்க வேண்டும்.

இன்னொன்று, அந்தக் குவெரி எந்தக் கணக்கின் உரிமையில் ஓடுகிறது என்பது. ஓரியன் தன் தரவுத்தளத்தில் எழுதவும் அழிக்கவும் உரிமையுள்ள கணக்கில்தான் இணைகிறது. ஆகவே அலர்ட் திருத்தும் அனுமதி உள்ளவரின் கையில் எஸ்.கியூ.எல். மேக்ரோவைக் கொடுப்பது சிறிய விஷயம் இல்லை. 2020 டிசம்பரில், ஓரியனின் புதுப்பிப்பு வழியாகவே ஊடுருவல் நடந்தது வெளிவந்த பிறகு, கண்காணிப்பு சர்வருக்கு என்னென்ன உரிமை இருக்கிறது என்று உலகம் முழுக்கக் கணக்கெடுத்தார்கள். அந்தக் கணக்கெடுப்பில் அலர்ட் உரிமைகளையும் சேர்த்துக்கொண்டவர்கள் எத்தனை பேரோ.

சோலார்விண்ட்ஸின் சொந்த மொழி

எஸ்.டபிள்யூ.கியூ.எல். என்ற ஒன்றையும் அதே மேக்ரோ முறையில் எழுதலாம். பார்வைக்கு எஸ்.கியூ.எல். மாதிரியே இருக்கும். படிக்க மட்டுமே முடியும், எதையும் திருத்தவோ அழிக்கவோ முடியாது. நட்சத்திரக் குறி போட்டு எல்லா நெடுவரிசைகளையும் அள்ளவும் விடாது, வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். முதலில் கடுப்பாக இருக்கும், அலர்ட்டுக்கு அதுவே நல்லது.

பெரிய லாபம் இரண்டு. நோடிலிருந்து அதன் இன்டர்ஃபேஸுக்கோ கஸ்டம் ப்ராப்பர்ட்டிக்கோ போக ஜாயின் எழுத வேண்டாம், புள்ளி வைத்து நடந்து போய்விடலாம். அடுத்தது, தரவுத்தளத்தின் உள்கட்டமைப்பு மாறினாலும் இது பெரும்பாலும் தாங்கும். பழைய ஓரியனில் நோட்ஸ் என்பது ஒரே அட்டவணையாக இருந்தது. பிறகு அது பல அட்டவணைகளாகப் பிரிக்கப்பட்டு, நோட்ஸ் என்ற பெயரில் ஒரு வியூ (அட்டவணை போலத் தெரியும் சேமித்த குவெரி) மட்டும் மிஞ்சியது. நேரடி அட்டவணைகளை நம்பி எழுதிய எஸ்.கியூ.எல். இப்படிப்பட்ட மேம்படுத்தலுக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் கைவிடலாம்.

நேரத்தில் மட்டும் கவனம் வேண்டும். பல நேரப் புலங்கள் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் வரும். இரவு 2.10-க்கு விழுந்த நோடுக்கு, மின்னஞ்சலில் முந்தைய நாள் இரவு 8.40 என்று அச்சாகும். சொந்த மொழியில் இதற்கு 'டு லோக்கல்' என்ற செயற்கூறு இருக்கிறது. எஸ்.கியூ.எல்-லில் 330 நிமிடத்தைக் கூட்டிவிட்டால் இந்திய, இலங்கை நேரத்துக்குச் சரியாகிவிடும். கோடைக்கால நேர மாற்றம் உள்ள நாடுகளிலும் கிளை வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கூட்டல் ஆண்டில் பாதி நாள் பொய் சொல்லும்.

ஆகவே மின்னஞ்சலுக்குள் குவெரி என்று முடிவெடுத்தால், என் தேர்வு எஸ்.டபிள்யூ.கியூ.எல்.தான். அதில் முடியாதபோது மட்டும் எஸ்.கியூ.எல். அப்போதும் நீளமான வாக்கியத்தை மின்னஞ்சலில் கொட்டாமல், ஓரியன் தரவுத்தளத்தைத் தொடாமல் பக்கத்தில் தனித் தரவுத்தளம் ஒன்றில் வியூவாக எழுதி வைத்து, மின்னஞ்சலில் அந்த வியூவிலிருந்து ஒற்றை வரியில் எடுப்பது நல்லது. திருத்தம் ஒரே இடத்தில் நடக்கும். ஓரியன் தரவுத்தளத்துக்குள்ளேயே நம் வியூக்களை வைத்தால் அடுத்த மேம்படுத்தலில் அவை இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

தரவுத்தளத்துக்கு என்ன தெரியும்?

எந்த மொழியில் எழுதினாலும் குவெரி கேட்பது தரவுத்தளத்தை, கருவியை அல்ல. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் அலர்ட் எழுதும்போது மறந்துவிடுகிறோம். ஓரியனின் இயல்பான அமைப்பில் நோடின் நிலை 120 விநாடிக்கு ஒருமுறையும், இன்டர்ஃபேஸின் டிராஃபிக் கணக்கு 9 நிமிடத்துக்கு ஒருமுறையும் எடுக்கப்படுகின்றன. மின்னஞ்சலில் 'லைன் பயன்பாடு 94 சதவீதம்' என்று குவெரி சொன்னால் அது 9 நிமிடப் பழையதாக இருக்கலாம்.

நேரக் கணக்கும் அப்படித்தான். லைன் அறுந்ததிலிருந்து அடுத்த சோதனை வர 120 விநாடி வரை ஆகலாம். பதில் வராத நோட் உடனே 'டவுன்' ஆவதில்லை. இயல்பாக இன்னும் 120 விநாடி எச்சரிக்கை நிலையில் வைத்து அடுத்தடுத்துத் தட்டிப் பார்க்கும். அதன்பின் அலர்ட் நிபந்தனையைச் சரிபார்க்கும் சுற்று 60 விநாடிக்கு ஒருமுறை. மொத்தம் 5 நிமிடம் வரை போய்விடும். லைன் சரியானபின் வரும் மின்னஞ்சலில் 'துண்டிப்பு நேரம் 12 நிமிடம்' என்று ஈவெண்ட்ஸ் அட்டவணையிலிருந்து கழித்துப் போடுகிறவர்கள், லைன் நிறுவனத்தின் பதிவில் 15 என்று இருந்தால் அதிர்ச்சியடையத் தேவையில்லை. அபராதம் கணக்கிட இந்த எண்ணை நம்ப வேண்டாம்.

இதைவிடக் கொடியது மாற்று லைன் குவெரி. விழுந்த ரவுட்டரின் இரண்டாவது இன்டர்ஃபேஸ் எப்படி இருக்கிறது என்று அந்த ரவுட்டரின் வரிசையில் தேடினால், விடை 'அன்நோன்'. ரவுட்டரையே எட்ட முடியாதபோது அதன் இன்டர்ஃபேஸ் நிலை எங்கிருந்து தெரியும்? கேட்க வேண்டியது எதிர்முனையை. அந்த மாற்று லைன் வந்து முடியும் தலைமை அலுவலக ரவுட்டரின் இன்டர்ஃபேஸுக்கும் இந்தக் கிளைக்கும் ஒரே சர்க்யூட் எண்ணைக் கஸ்டம் ப்ராப்பர்ட்டியாகக் கொடுத்து, அதை வைத்துத் தேடினால் உபயோகமான விடை வரும். இந்த ஒரு குவெரிக்காகவே மின்னஞ்சலுக்குள் குவெரி என்ற வசதி இருக்கலாம் என்று நான் வாதிடுவேன்.

வெளியே ஒரு ஸ்கிரிப்ட்

மின்னஞ்சலை ஓரியன் அனுப்பாமல், அலர்ட் வந்ததும் ஒரு ஸ்கிரிப்டை (சிறு நிரலை) ஓட்டி, அது குவெரி செய்து, அழகான அட்டவணையாக மின்னஞ்சலை அனுப்புவது மூன்றாவது வழி. பல வரிசை, நிறம், வேறு தரவுத்தளத்திலிருந்து தகவல், புகார் எண் பதிவது என எதுவும் செய்யலாம். மேலே சொன்ன எக்ஸ்.எம்.எல். கூத்து ஒன்றும் வேண்டாம். குவெரியை வெர்ஷன் கன்ட்ரோலில் வைக்கலாம். படிக்க மட்டும் உரிமையுள்ள கணக்கில் ஓட்டலாம்.

ஆனால் ஸ்கிரிப்ட் பாதியில் செத்தால் மின்னஞ்சலே வராது. மேக்ரோ பிழையாவது மின்னஞ்சலில் தெரியும், இது மௌனமாகப் போகும். கடவுச்சொல் காலாவதியானால், யாராவது கோப்பை நகர்த்தினால், சர்வர் மாறினால், அலர்ட் இல்லை என்பதே யாருக்கும் தெரியாது. அதனால் ஸ்கிரிப்டை மட்டும் நம்பி அலர்ட் அமைப்பதை நான் ஏற்பதில்லை. முதல் கட்டத்தில் குவெரியே இல்லாத எளிய மின்னஞ்சல், பெயரும் சர்க்யூட் எண்ணும் மட்டும். ஓரியனின் எஸ்கலேஷன் வசதியில் 5 நிமிடம் கழித்து இரண்டாவது கட்டம் வைத்து, அதில் ஸ்கிரிப்டின் விரிவான மின்னஞ்சல். அந்த இடைவெளியில் தரவுத்தளத்தின் நிலைகளும் ஓரளவு படிந்திருக்கும். ஐந்து நிமிடத்துக்குள் தானாகச் சரியானவற்றுக்கு இரண்டாவது மின்னஞ்சல் போகாது என்பது கூடுதல் நிம்மதி.

மற்ற மென்பொருள்களில்

ஜாபிக்ஸில் மின்னஞ்சலுக்குள் எஸ்.கியூ.எல். எழுத வழியில்லை. அதை ஒரு குறையாகச் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது நல்ல ஒழுக்கமாகவே தெரிகிறது. இடம், தொடர்பு எண் போன்றவற்றை இன்வென்டரி புலங்களில் வைத்து மேக்ரோவாக எடுக்கலாம். வெளித் தரவுத்தளத்திலிருந்து ஏதாவது வேண்டுமென்றால் 'டேட்டாபேஸ் மானிட்டர்' வகை ஐட்டம் ஒன்றை அமைத்தால், ஓ.டி.பி.சி. என்ற தரவுத்தள இணைப்பு முறை வழியாகக் குவெரி குறித்த இடைவெளியில் ஓடி, விடை சேமிக்கப்படும். மின்னஞ்சல் சேமித்ததை மட்டும் எடுத்துக்கொள்ளும். நெட்வொர்க் சரிந்த நேரத்தில் கூடுதல் குவெரி எதுவும் ஓடாது.

லிப்ரே என்.எம்.எஸ்-ஸில் அலர்ட் விதியே உள்ளுக்குள் ஓர் எஸ்.கியூ.எல். குவெரிதான். வேண்டுமென்றால் அதை நாமே எழுதி மாற்றலாம். அந்தக் குவெரி தரும் வரிசைகளை மின்னஞ்சல் வார்ப்புருவில் சுற்றிச் சுற்றி அச்சிடலாம், ஆகவே பட்டியல் பிரச்சினை அங்கே இல்லை. நாகியோஸோ அறிவிப்பு அனுப்புவதையே ஒரு கட்டளையாக வைத்திருக்கிறது. அதில் எந்த ஸ்கிரிப்டை வேண்டுமானாலும் மாட்டலாம், மேலே சொன்ன மௌன ஆபத்தோடு. பி.ஆர்.டி.ஜி-யில் எஸ்.கியூ.எல். சென்சாரின் ஒரு நெடுவரிசையைச் சென்சார் செய்தியாக்கி, அந்தச் செய்தியை மின்னஞ்சலில் காட்டலாம். ஜாபிக்ஸின் வழிக்குக் கிட்டத்தட்ட அது உறவு.

இதற்காக ஓரியனை விட்டு மாறச் சொல்லவில்லை. புதிதாக ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர்கள் மட்டும் இதையும் கணக்கில் எடுக்கலாம்.

சோதிப்பதில் ஒரு பொறி

ஓரியனில் அலர்ட் எழுதி முடித்ததும் 'சிமுலேட்' பொத்தான் ஒன்று உண்டு. ஒரு நோடைத் தேர்ந்தெடுத்தால் மின்னஞ்சல் வந்துவிடும், எல்லாக் குவெரிக்கும் அழகான விடை இருக்கும். தேர்ந்தெடுத்த நோட் நலமாக ஓடிக்கொண்டிருக்கிறது என்பதால் வந்த அழகு அது. விழுந்த நோடில் நிலைகள் 'அன்நோன்' ஆகும், இடைப்பட்ட கணக்குகள் நல் ஆகும், அப்போதுதான் சரம் மறையும். ஆய்வுக்கென ஒரு பழைய ரவுட்டரைக் கண்காணிப்பில் சேர்த்து, அதன் கேபிளை உண்மையாகவே பிடுங்கி, மின்னஞ்சல் எப்படி வருகிறது என்று பாருங்கள். பிடுங்கி 5 நிமிடம் பொறுங்கள், முன்பே சொன்ன காரணத்தால். அந்த மின்னஞ்சலைக் கைபேசியிலும் திறந்து பாருங்கள். தலைப்பு வரிக்குள் குவெரி வைத்திருந்தால், விடையில் வரி முறிப்பு எதுவும் வராதபடி அதைச் சுருக்கிவிடுங்கள்.